கேஸ் கன்வேயர் ஓவன் மக்கர் பண்ணினால் எங்கே கை வைப்பது

குமுளி, தேக்கடி, வண்டிப்பெரியாறு, மூணாறு என்று மலைமேல் இருக்கிற ரெசார்ட்டுகளிலும் பீட்சா கடைகளிலும் இப்போது கன்வேயர் ஓவன், அதாவது ஒரு பக்கம் வைத்த பீட்சா பெல்ட்டில் நகர்ந்தபடியே வெந்து மறுபக்கம் வருகிற அடுப்பு, சாதாரணமாகிவிட்டது. முதலாளி மலையாளி, மெஷினோடு வந்த புத்தகம் இங்கிலீஷ், ஓவன் முன்னால் நிற்கிற பையன் கம்பத்துக்காரனோ கூடலூர்க்காரனோ. சனிக்கிழமை ராத்திரி கூட்டத்தில் ஓவன் அணைந்துபோனால் கீழேயிருந்து மெக்கானிக் மலை ஏறி வரும்வரை யாரும் பசியோடு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அந்தப் பையன்களுக்காகத்தான் இது. சர்வீஸ் வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: "போர்டு போயிருச்சுண்ணே" என்று வருகிற போன்களில் பெரும்பாலானவற்றில் போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கேஸ், காற்று, கரண்டு என்று வெளியிலிருந்து ஓவனுக்குள் போகிற மூன்றில் ஒன்று சரியில்லாமல் இருக்கும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும்.

ஓவன் எப்படிப் பற்றுகிறது என்ற வரிசை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சுவிட்சைப் போட்டதும் முதலில் பெரிய ஃபேன் ஓடும். காற்று போதுமான அளவு வருகிறது என்று ஏர் பிரஷர் சுவிட்ச் ஒப்புக்கொண்டால்தான் தீ மூட்டுகிற பெட்டியான இக்னிஷன் மாட்யூலுக்குக் கரண்டு போகும். அது கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், உள்ளே தங்கியிருக்கிற கேஸை ஃபேன் வெளியே தள்ளட்டும் என்று. அப்புறம் டிக் டிக் என்று ஸ்பார்க், கூடவே கேஸ் வால்வு திறக்கும், பற்றும். தீ இருக்கிறது என்று ஒரு சின்னக் கம்பி, ஃபிளேம் சென்சார், சில வினாடிக்குள் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் மாட்யூல் வால்வை மூடி லாக் ஆகிவிடும். இந்த வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம். மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போதும் "ஓவன் ஓடல" என்று சொல்லாமல் "ஃபேன் ஓடுது, டிக் டிக் கேக்குது, பத்தல" என்று சொன்னால் அவர் சரியான பார்ட்டோடு மலை ஏறுவார்.

கேஸ் வாடை அடிக்கிறது

இது மட்டும் பிழை பார்க்கிற நேரம் இல்லை. சிலிண்டர் வால்வை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோடு தரையாகப் படர்ந்து பள்ளத்திலும் டிரெயினேஜிலும் போய்த் தேங்கும். அதனால் தலை உயரத்தில் வாடை இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வெளியே வந்து 1906 என்ற எல்பிஜி அவசர எண்ணுக்கு அடியுங்கள். கசிவு தேடுவதற்குச் சோப்பு நுரை மட்டும்தான், தீக்குச்சி இல்லை. இதைச் சொல்லவே கூடாது என்றுதான் பார்த்தேன், ஆனால் லைட்டரைக் கொளுத்தி இணைப்பு இணைப்பாகக் காட்டுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

புதிதாக மாட்டின ஓவனில் வாடை வந்தால் முதல் சந்தேகம் பின்னால் இருக்கிற ஹோஸ். சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஓவன் நிற்கும், கூட்டிப் பெருக்க இழுப்பார்கள், ஹோஸ் இழுபட்டு நட்டு தளரும். ஹோஸைவிட நீளம் குறைந்த சங்கிலியோ கம்பியோ போட்டு ஓவனைச் சுவரோடு கட்டிவைக்க வேண்டும் என்பது அதற்காகத்தான். வீட்டு அடுப்புக்குப் போடுகிற ரப்பர் டியூப் இங்கே ஆகாது. இன்னொன்று, பிளம்பர் லைனைக் காற்றழுத்தம் ஏற்றி டெஸ்ட் செய்யும்போது ஓவனைக் கழற்றிவைத்துவிட்டு ஏற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் டெஸ்டிலேயே கேஸ் வால்வு போய்விடும்.

ஒன்றுமே ஓடவில்லை

எம்சிபி, எமர்ஜென்சி சுவிட்ச், பின்பக்க ஃபியூஸ். அப்புறம், ஹூட் (புகையை இழுக்கிற எக்ஸாஸ்ட்) ஓடினால்தான் ஓவன் ஓடும் என்று இன்டர்லாக் போட்டிருப்பார்கள், ஹூட் சுவிட்சைப் பாருங்கள். முக்கால்வாசி இதோடு முடிந்துவிடும்.

ஃபேன் ஓடுகிறது, டிக் டிக் சத்தமே வரவில்லை

ஏர் சுவிட்ச் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்பதால் காற்று வருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பெல்ட் போட்ட ஃபேனாக இருந்தால் பெல்ட் தளர்ந்து வழுக்கும், மோட்டார் மட்டும் முழு வேகத்தில் சுற்றும். மூன்று ஃபேஸ் மோட்டாராக இருந்து இரண்டு ஃபேஸ் மாறியிருந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும், சத்தம் அப்படியே இருக்கும், காற்று மட்டும் பாதிகூட வராது. லைன்மேன் டிரான்ஸ்ஃபார்மரில் வேலை பார்த்துவிட்டுப் போன மறுநாள் இந்தப் பிரச்சினை வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஏர் சுவிட்சுக்குப் போகிற மெல்லிய டியூப் ஒன்று இருக்கும். அதில் எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கழற்றி, சுவிட்ச் பக்கம் ஊதாமல், டியூபை மட்டும் ஊதிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். சுவிட்சை நேரடியாக வாயால் ஊதினால் உள்ளே இருக்கிற டயாஃபிரம் என்கிற மெல்லிய சவ்வு கிழியும்.

செகண்ட் ஹேண்டில் வருகிற வெளிநாட்டு மெஷின்களில் ஒரு விசேஷம் உண்டு. நேம் பிளேட்டில் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் அந்த மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். காற்று குறையும். இதோடு மூணாறு மாதிரி 1,500 மீட்டர் உயரத்தில் காற்றே அடர்த்தி குறைவு. கம்பத்தில் டெஸ்ட் செய்தபோது நன்றாகப் பற்றிய ஓவன் மூணாறு போனதும் ஏர் சுவிட்சில் நிற்பது இதனால்தான். வாங்கும் முன்னாலேயே பிளேட்டைப் படியுங்கள், விலை பேசுவதற்கும் அது உதவும்.

சுவிட்சை ஒயர் போட்டு ஷார்ட் செய்து ஓட்டுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அந்த ஆளை மறுபடி கிச்சனுக்குள் விடாதீர்கள். ஃபேன் நின்றாலும் கேஸ் எரிந்துகொண்டே இருக்கும்படி செய்துவிட்டுப் போகிறார் அவர்.

டிக் டிக் என்கிறது, பற்றவில்லை

ஸ்பார்க் இருக்கிறது, கேஸ் வரவில்லை. சிலிண்டர் திறந்திருக்கிறதா, ஓவன் பின்னால் பால் வால்வு குழாயோடு ஒரே திசையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிலிண்டர் மாற்றின உடனே என்றால் லைனில் காற்று இருக்கும், இரண்டு மூன்று முறை ரீசெட் செய்தால் சரியாகும். ஒவ்வொரு ரீசெட்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள், உள்ளே சேர்ந்த கேஸ் போகட்டும். பொறுமை இல்லாமல் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு தடவை "டம்" என்று பற்றும், முன்பக்கக் கண்ணாடி போகும், புருவமும் போகும்.

அடுத்தது ரெகுலேட்டர். தட்டுக்கடை பர்னருக்குப் போடுகிற ஹை பிரஷர் ரெகுலேட்டரை, திருகித் திருகிக் கூட்டிக் குறைக்கிறதை, ஓவனுக்கு மாட்டியிருப்பார்கள். அது அரை கிலோவிலிருந்து இரண்டு கிலோ அழுத்தம் வரை தள்ளும். ஓவனின் கேஸ் வால்வு பெரும்பாலும் 35 மில்லிபார் வரைக்கும்தான் தாங்கும், அதாவது அரை கிலோ அழுத்தமே அதைப்போல் பதினாலு மடங்கு. சில வால்வுகள் அதிக அழுத்தத்தில் திறக்கவே திறக்காது, அடம்பிடித்து நிற்கும். சில உள்ளே கிழிந்து, மூடச் சொன்னாலும் மூடாது, அதுதான் ஆபத்தானது. சிலிண்டர் அறையில் ஒரு ரெகுலேட்டர், ஓவன் பக்கத்தில் அழுத்தத்தை 30 மில்லிபார் அளவுக்குக் குறைக்கிற இன்னொன்று என்று இரண்டு கட்டமாகப் போடுவதுதான் முறை. இரண்டாவதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

பற்றுகிறது, நாலைந்து வினாடியில் அணைந்துபோகிறது

இதுதான் அதிகம் ஏமாற்றுகிற கோளாறு. போர்டு, வால்வு, மாட்யூல் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் காசைக் கரைப்பதும் இதில்தான்.

ஃபிளேம் சென்சார் என்பது தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு கம்பி, அவ்வளவுதான். தீ வழியாக அந்தக் கம்பியிலிருந்து பர்னர் உடம்புக்கு, அங்கிருந்து எர்த் வழியாக மாட்யூலுக்கு மிகச் சின்னக் கரண்டு ஒன்று ஓடும். மைக்ரோ ஆம்பியர் கணக்கு. நன்றாக இருக்கிற ஓவனில் இரண்டு மைக்ரோ ஆம்பியருக்கு மேல் காட்டும், ஒன்றுக்குக் கீழே போனால் மாட்யூல் தீ இல்லை என்று முடிவு செய்துவிடும். இவ்வளவு சின்னக் கரண்டு என்பதால் எதுவும் இதைக் கெடுக்கும்.

முதலில் கம்பியைக் கழற்றிப் பாருங்கள், ஓவனை அணைத்து ஆறவிட்டுத்தான். வெள்ளையாகவோ பழுப்பாகவோ படிவு இருந்தால் மெல்லிய ஸ்டீல் உல்லால் தேய்த்தால் போதும். பீங்கானில் விரிசல் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும், அதன் விலை ஒன்றும் பெரிதில்லை. மாட்டும்போது தீக்குள் அது முன்பு இருந்த கோணத்திலேயே நிற்கட்டும்.

கம்பி சுத்தமாக இருந்தும் அணைகிறது என்றால் எர்த்தும் நியூட்ரலும். இங்கே ஒரு கேள்வி கேட்டாலே விஷயம் தெரிந்துவிடும். போனில் நான் கேட்பது இப்படித்தான்:

"தம்பி, இப்ப கரண்டுல ஓடுதா, ஜெனரேட்டர்ல ஓடுதா?"

"கரண்டு காலையிலேயே போயிருச்சுண்ணே. ஜெனரேட்டர்தான். சேட்டன்கிட்டயும் சொல்லிட்டேன், போர்டு மாத்தணும்னு."

"சேட்டன்கிட்ட இன்னொரு தடவை சொல்லு, போர்டு வேணாம்னு."

சின்ன ஜெனரேட்டர்களிலும் சில இன்வெர்ட்டர்களிலும் நியூட்ரல் என்று தனியாக ஒன்று இருக்காது, இரண்டு ஒயரும் எதனோடும் சேராமல் மிதந்துகொண்டிருக்கும். மல்டிமீட்டரை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தால் 115, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வைத்தாலும் 115 போலக் காட்டும். பல்பு எரியும், ஃபிரிட்ஜ் ஓடும், ஓவனின் ஃபேன்கூட ஓடும், ஆனால் அந்தச் சின்னக் கரண்டு திரும்பிப் போக வழி இல்லாததால் தீ மட்டும் நிற்காது. மழைக்காலத்தில் இடுக்கிப் பக்கம் மரம் விழுந்து கரண்டு போவது வாடிக்கை, அதனால் ஜூன், ஜூலையில் இந்த போன் அதிகம். தீர்வு, எலக்ட்ரீஷியன் ஜெனரேட்டர் பக்கத்திலேயே நியூட்ரலை எர்த்தோடு சேர்த்து, சேஞ்ச் ஓவர் சுவிட்சையும் அதற்கேற்ப மாற்றுவது. ஓவன் பிளக்கிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒட்டுப்போட்டு "இப்ப பாருங்க, பத்துது" என்று காட்டுகிறவர்கள் உண்டு. பற்றும்தான். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் ஒயர் அறுந்தால் ஓவன் உடம்பு முழுக்கக் கரண்டு பாயும், ஈரக் கையோடு தட்டை எடுக்கிற பையன்தான் அதில் மாட்டுவான்.

ஜெனரேட்டர் இல்லை, லைன் கரண்டுதான் என்றால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். ஒன்றிரண்டு வோல்ட் என்றால் சரி. ஏழு, எட்டு, பத்து என்று காட்டினால் எர்த் பிட்டில், அதாவது எர்த் கம்பி புதைத்த குழியில், கோளாறு. மலையில் பாறை மண், மாசி பங்குனி வெயிலில் பிட் காய்ந்துபோகும், தண்ணீர் ஊற்றியதும் ஓவன் பற்றிக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம். தண்ணீர் ஊற்றுவது அன்றைய வியாபாரத்துக்கு. பிட்டைத் தோண்டிச் சரியாகப் போடுவதுதான் வேலை.

அதோடு ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். எர்த் துளை மேலே இருக்கும்படி சாக்கெட் முன்னால் நின்றால் வலது பக்கத் துளையில் டெஸ்டர் எரிய வேண்டும். இடது பக்கம் எரிந்தால் மாற்றிவிட்டார்கள். பெயின்ட் அடிக்க சாக்கெட்டைக் கழற்றி மாட்டின கடைகளில் இது சகஜம்.

காலையில் நன்றாக இருக்கிறது, கூட்ட நேரத்தில் சூடு ஏறவில்லை

சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். கீழ்ப்பாதி சில்லென்று வியர்த்திருந்தால், அல்லது வெள்ளையாகப் பனி பிடித்திருந்தால், பிரச்சினை ஓவனில் இல்லை. சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிற கேஸ் ஆவியாக வெளியிலிருந்து சூடு வேண்டும். ஓவன் இழுக்கிற வேகத்துக்கு அந்தச் சூடு கிடைக்காவிட்டால் சிலிண்டர் குளிர்ந்துகொண்டே போய் அழுத்தம் படுத்துவிடும்.

கணக்கு எளிதுதான். நேம் பிளேட்டில் பிடியு (சூட்டின் அளவு) என்று ஒரு எண் இருக்கும். ஒரு கிலோ எல்பிஜி சுமார் 47,000 பிடியு தரும். மணிக்கு 1,00,000 பிடியு ஓவன் என்றால் முழுத் தீயில் மணிக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கேஸ் கேட்கும். ஒரு 19 கிலோ சிலிண்டர் தொடர்ந்து நிம்மதியாகத் தருவது மணிக்கு ஒரு கிலோவை ஒட்டித்தான், அதுவும் கம்பம் வெயிலில். ஆக ஒற்றைச் சிலிண்டரில் அந்த ஓவனை ஓட்டினால் காலையில் முதல் சில பீட்சா நன்றாக வரும், எட்டு மணி ராத்திரிக் கூட்டத்தில் படுத்துவிடும். மூன்று நான்கு சிலிண்டரை மேனிஃபோல்டு என்கிற பொதுக்குழாயில் சேர்த்து ஒரே நேரத்தில் திறந்துவிட வேண்டும். மாற்றி மாற்றித் திறந்தால் பலனில்லை.

மூணாறில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை உறைபனி விழும் அளவுக்குக் குளிர் இறங்கும். எல்பிஜியில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேன் கொதிக்கச் சூடு பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி வர வேண்டும். அதனால் அந்தக் குளிரில் பியூட்டேன் சும்மா உட்கார்ந்திருக்கும். லேசான புரோப்பேன் முதலில் போய், சிலிண்டர் பாதிக்குமேல் தீர்ந்த பிறகு மிஞ்சுவதில் பியூட்டேன் பங்கு கூடும். "இன்னும் கேஸ் குலுங்குதுண்ணே, ஆனா எரியல" என்று சொல்வார்கள், உண்மைதான். சுற்றுலாக் கூட்டமும் ஐயப்ப சீசனும் அதே மாதங்களில் வந்து சேர்வது நம் நேரம்.

இதற்குச் சிலிண்டரைக் கொதிநீரில் நிறுத்துவது, பக்கத்தில் அடுப்பு வைப்பது, படுக்கப்போடுவது எல்லாம் நடக்கிறது. மூன்றும் கூடாது. படுக்கப்போட்டால் ஆவி வரவேண்டிய வாயில் திரவமே வந்து ரெகுலேட்டருக்குள் இறங்கும். சிலிண்டர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், ஆனால் 100 கிலோவுக்கு மேல் கேஸ் வைக்க லைசென்ஸ் வேண்டும், நிரம்பின ஸ்பேரும் அந்தக் கணக்கில் சேரும், 19 கிலோவில் ஐந்து வரைக்கும்தான். அதற்கும் மேல் தேவை என்றால் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிற வேப்பரைசர் வைத்து, திரவமாக எடுக்கிற சிலிண்டருக்குப் போவது பற்றி ஏஜென்சியிடம் பேசலாம். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைக் கடைக்கு வைப்பது சட்டப்படி குற்றம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அழுத்தம் குறைகிறதா என்று ஊகிக்காமல் அளந்து பார்க்கலாம். கொத்தனார் மட்டம் பார்க்கிற லெவல் டியூபில் இரண்டு மீட்டர் போதும். யு வடிவில் வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு இஞ்ச் டேப்பை ஒட்டினால் மானோமீட்டர் தயார். தெரிந்த ஃபிட்டர் ஒருவரை வைத்து, கேஸை மூடிவிட்டு, ஓவனுக்கு வரும் லைனில் இருக்கிற டெஸ்ட் முனையில் ஒரு பக்கத்தை மாட்டச் சொல்லி அப்புறம் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அழுத்தம், ஒரு செண்டிமீட்டர் கிட்டத்தட்ட ஒரு மில்லிபார். எல்பிஜி ஓவன்களுக்குப் பெரும்பாலும் 28லிருந்து 35 செண்டிமீட்டர் வரை கேட்பார்கள். ஓவன் அணைந்திருக்கும்போது 33 காட்டி, எல்லா அடுப்பும் ஓவனும் சேர்ந்து எரியும்போது 18க்கு இறங்கினால், சிலிண்டர் போதாது, அல்லது குழாய் சிறுசு, அல்லது ரெகுலேட்டர் அந்த அளவுக்கு ஆகாதது. அணைந்திருக்கும்போது பார்த்து "பிரஷர் கரெக்ட்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் பாதி வேலைதான் பார்த்திருக்கிறார். ஹை பிரஷர் ரெகுலேட்டர் லைனில் இதை மாட்டினால் தண்ணீர் சுவரில் இருக்கும், அதுவும் ஒரு விதத்தில் டெஸ்ட்தான்.

தீ மஞ்சளாக இருக்கிறது, கரி படிகிறது, கண் எரிகிறது

உடனே அணைத்துவிட்டுக் காற்றோட்டம் பாருங்கள். கரி வந்தால் கார்பன் மோனாக்சைடும் வரும், அதற்கு வாடை கிடையாது. தலைவலி, தலைசுற்றல் என்று கிச்சனில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னால் வெளியே கூட்டி வந்துவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் ஓவன் என்றால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கொச்சியில் குழாய்வழி கேஸ் இருக்கிறது, அங்கே ஓடின ஓவனில் இயற்கை எரிவாயுவுக்கான பெரிய துளையுள்ள ஆரிஃபிஸ் (பர்னருக்குள் கேஸைப் பீய்ச்சுகிற முனை) இருக்கும். அதை அப்படியே குமுளிக்குக் கொண்டுவந்து சிலிண்டரில் மாட்டினால் தேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல் கேஸ் கொட்டும், தீ மஞ்சளாக ஆடும், சூடான காற்றைப் பீய்ச்சுகிற ஃபிங்கர் பெட்டியெல்லாம் கருத்துப்போகும். ஆரிஃபிஸ், வால்வில் இருக்கிற ஸ்பிரிங் இரண்டையும் எல்பிஜிக்கு மாற்ற வேண்டும், பிளேட்டிலும் எழுதிவைக்க வேண்டும். ஆரிஃபிஸை டிரில்லால் குடைந்தோ ஈயம் வைத்து அடைத்தோ சரிசெய்கிற கைவைத்தியம் வேண்டாம்.

உயரமும் ஒரு காரணம். பொதுவான கணக்கு, 600 மீட்டரைத் தாண்டின இடம் என்றால், கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கேஸ் அளவை 4 சதவீதம் குறைக்க வேண்டும். குமுளி 900 மீட்டரை ஒட்டி, அங்கே 12 சதவீதம். மூணாறில் 20 சதவீதம், அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கரி.

ஒரு மாதம் மூடிக்கிடந்த கடையைத் திறந்ததும் மஞ்சள் தீ என்றால் பர்னர் வாயில் சிலந்தி வலையோ குளவிக்கூடோ இருக்கும். எக்ஸாஸ்ட் பலமாக இழுத்து, உள்ளே வரக் காற்றுக்கு வழி இல்லாமல் இருந்தாலும் தீ கெடும். பின்கதவைத் திறந்ததும் தீ நீலமாகிறதா பாருங்கள். ஆனால் அதற்குத் தீர்வு கதவைத் திறந்துவைப்பது இல்லை, வெளிக்காற்று உள்ளே வர டக்ட் போடுவதுதான்.

250 காட்டுகிறது, பீட்சா வேகவில்லை

இந்த ஓவனில் வேக வைப்பது வெறும் சூடு இல்லை, சூடான காற்றின் வேகம். ஃபிங்கர் என்கிற துளைத் தகட்டுப் பெட்டிகள் மேலும் கீழும் காற்றைப் பீய்ச்சுகின்றன. மேலே கருகி அடி வெளுத்திருந்தால் கீழ் ஃபிங்கர் அடைத்திருக்கும். சீஸ், எண்ணெய், மாவு எல்லாம் அதில்தான் போய் இறங்கும். ஒரு ரெசார்ட்டில் மீன் பொள்ளிச்சதை வாழையிலையோடு பெல்ட்டில் விட்டிருந்தார்கள். இலை ஓரம் காய்ந்து, நொறுங்கி, கறுத்த துகளாக ஃபிங்கர் துளை ஒவ்வொன்றிலும் சொருகியிருந்தது, ஊசி வைத்துத்தான் எடுக்க முடிந்தது. இலையில் சுற்றினது எதுவும் மூடின தட்டில் போகட்டும்.

கழுவி மாட்டின மறுநாள் இந்தப் பிரச்சினை வந்தால் ஃபிங்கரை இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கிற தகடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, மேல் இரண்டாவது வேறு, கீழ் மூன்றாவது வேறு. கழற்றும்போதே மார்க்கரால் எண் போடுங்கள், போனில் படம் எடுத்துவையுங்கள்.

திரையில் வரும் எண்ணையே சந்தேகப்பட வேண்டுமானால் வேறு தெர்மாமீட்டரின் கம்பியை நடு பெல்ட்டில் வைத்து ஒப்பிடுங்கள். சூடு ஏற ஏறத் திரையில் எண் இறங்கினால் சூட்டை அளக்கிற தெர்மோகப்பிளின் ஒயர் இரண்டும் மாறி மாட்டியிருக்கிறது. கன்ட்ரோலர் ஓவன் குளிர்கிறது என்று நினைத்துத் தீயை நிறுத்தாமல் விடும், கடைசியில் ஹை லிமிட் என்கிற பாதுகாப்பு சுவிட்ச் வெட்டும். அந்த ரீசெட் பட்டனை ஒருமுறை அழுத்தலாம். திரும்பத் திரும்ப வெட்டினால் காரணம் தேடாமல் அழுத்தக் கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக நிற்கிறது, அரை மணியில் தானாக வருகிறது

கன்ட்ரோல் பெட்டி சூடாகிவிட்டது. பக்கவாட்டில் இருக்கிற சின்னக் கூலிங் ஃபேனின் வலையைப் பாருங்கள், மாவும் எண்ணெயும் சேர்ந்து கம்பளி மாதிரி மூடியிருக்கும். சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் தள்ளிவையுங்கள்.

கரண்டு போகும்போது இன்னொரு கஷ்டம். ஃபேன் நின்றதும் உள்ளே இருக்கிற 250 டிகிரி சூடு மெல்ல பேரிங்குக்கும் போர்டுக்கும் பரவும். முன்கதவைத் திறந்துவிட்டு, கூடிய சீக்கிரம் ஃபேனை மட்டும் ஜெனரேட்டரில் ஓடவிடுங்கள். கடை மூடும்போதும் மெயினை நேரடியாக அணைக்காமல், ஓவன் தானே ஆறி ஃபேனை நிறுத்தும்வரை விட வேண்டும். சீக்கிரம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் மெயினை இழுத்துவிட்டுப் போவதால்தான் வருடத்துக்கு ஒரு ஃபேன் மோட்டார் வாங்குகிறார்கள்.

பெல்ட் நின்று நின்று போகிறது

துகள் விழுகிற தட்டு சரியாக உட்காராமல் பெல்ட்டில் உரசுகிறதா, கம்பி எங்காவது வளைந்து மாட்டுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள், மெயினை அணைத்துவிட்டு. பெல்ட்டை இழுக்கிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் மோட்டார் சுற்றும், பெல்ட் நிற்கும். பெல்ட்டை வீணைக் கம்பி போல இறுக்கக் கூடாது. நடுவில் பிடித்துத் தூக்கினால் மூன்று அங்குலம் போல எழ வேண்டும், உங்கள் மாடலின் புத்தகத்தில் சரியான அளவு இருக்கும். இறுக்கினால் ஷாஃப்ட் வளையும், மோட்டார் திணறும். தளர்ந்தால் கண்ணியை எடுத்துச் சுருக்குங்கள், எடுத்த கண்ணியைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் அறுந்தால் ஒட்டுப்போட அதுதான் உதவும்.

நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தட்டின் முன்விளிம்பு வாசலில் நுழையும்போது போனில் ஸ்டாப்வாட்ச், அதே முன்விளிம்பு அந்தப் பக்கம் வெளியே வரும்போது நிறுத்தம். ஆறரை நிமிடம் வைத்து 7 நிமிடம் 48 வினாடி வந்தால், அதுவும் பழைய ஏசி மோட்டார் மாடல் என்றால், அது 60 ஹெர்ட்ஸ் மோட்டார். கன்ட்ரோலை நோண்டாமல், அந்த வேகக் குறைவைக் கணக்கில் வைத்து நேரத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஸ்ப்ராக்கெட்டை மாற்றுங்கள்.